4.7 கிலோ கிட்டார்: பழி மரத்துக்கா, தச்சனுக்கா?

தோள்வலிக்காரன்:
என்னிடம் இருப்பது ஜிப்சன் கம்பெனியின் லெஸ் பால் மாடல் வடிவ எலக்ட்ரிக் கிட்டார். மஹோகனி மரத்தில் உடல், மேலே மூடியாக மேப்பிள் பலகை. பெட்டி எடை பார்க்கும் கைத்தராசில் மாட்டிப் பார்த்தேன், 4.7 கிலோ. கல்யாண வரவேற்புக் கச்சேரி என்றால் மூன்று மணி நேரம் நின்றபடி வாசிக்க வேண்டும். பாதியிலேயே இடது தோள் கழன்றுவிடும்போல் இருக்கிறது. இதை விற்றுவிட்டு பாஸ்வுட்டிலோ ஆல்டரிலோ ஒன்று வாங்கலாம் என்று யோசனை. மரம் மாறினால் போதும்தானே?

மரக்கடை மைந்தன்:
தாராளமாகப் போதும். எங்கள் குடும்பத் தொழிலே மரம், அதனால் கன அடியில் சொல்கிறேன். காய்ந்த மரம் கன அடிக்குச் சராசரியாக பாஸ்வுட் 12 கிலோ, ஆல்டர் 13, மஹோகனி 17, வெள்ளை ஆஷ் 19, ஹார்ட் மேப்பிள் 20. ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) கிட்டார் உடலில் நிற்கும் மரம் ஏறக்குறைய கன அடியில் ஏழில் ஒரு பங்கு. ஆல்டர் இருக்கும் இடத்தில் வெள்ளை ஆஷ் வைத்தால் 850 கிராம் கூடும். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

உளிச்சத்தம்:
கணக்கு சரி, முடிவுதான் தப்பு. ஜிப்சன் எஸ்ஜியும் மஹோகனிதான், ஆனால் பெரும்பாலும் 3 கிலோவை ஒட்டியே நிற்கும். 1961-இல் அந்த வடிவம் வந்தபோது உடலின் தடிமனை 35 மில்லிமீட்டர் அளவுக்கு இறக்கி, மேப்பிள் மூடியையும் எடுத்துவிட்டார்கள். லெஸ் பாலில் நடுப்பகுதி மேப்பிளோடு சேர்த்து 55-ஐத் தாண்டும். மரம் ஒன்று, எடை இரண்டு. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

1968-இல் ஃபெண்டர் டெலிகாஸ்டர் தின்லைன் கொண்டுவந்ததும் இதே கதைதான். எடை குறைந்த ஆஷ் கிடைப்பது கஷ்டமானதும் உடலைப் பின்பக்கமாகக் குடைந்து, மெல்லிய பலகையால் மூடிவிட்டார்கள். ஆஷைக் கைவிடவே இல்லை.

பழைய ஆம்ப்:
குடைந்த கிட்டாரும் ஒரு கிட்டாரா? என் லெஸ் பால் 1970களின் நடுவில் செய்தது. நெக்கும் (தந்தியை அழுத்தும் கழுத்துப் பகுதி) மேப்பிள், மொத்தம் 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு நோட்டைப் பிடித்தால் அடுத்த சரணம் வரை நிற்கும். அந்தக் கனத்தில்தான் சஸ்டெயின் இருக்கிறது. தம்பி, கிட்டாரை விற்காதீர்கள். உடற்பயிற்சி செய்யுங்கள்.

உளிச்சத்தம்:
ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சேகரிப்பாளர்கள் வீட்டை விற்றாவது வாங்கத் துடிப்பது 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால்களை. அவற்றில் பல 4 கிலோ சுற்றுவட்டாரம்தான். கனம்தான் சஸ்டெயின் என்றால் உங்கள் 1970கள் கிட்டார்தானே விலையில் முந்த வேண்டும்? சந்தையில் நிலைமை தலைகீழ். இன்னொன்று, 1980களின் தொடக்கத்திலிருந்து பல லெஸ் பால்களில் மேப்பிள் மூடிக்கு அடியில் மஹோகனியில் 9 துளை போட்டிருக்கிறார்கள். கட்டை முழுசு என்றே நம்பி வாசித்தவர்கள் ஏராளம். காது யாருக்கும் காட்டிக்கொடுக்கவில்லை.

பழைய ஆம்ப்:
துளை வேறு, சேம்பரிங் வேறு. 9 துளையில் குறைவது சொற்பம். பிற்பாடு 2000களில் உள்ளே பெரிய அறைகளாகவே குடைந்தார்களே, அதன் சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும். 2019-இல் ஜிப்சன் ‘ஸ்டாண்டர்ட் 50ஸ்’ வரிசையைக் குடையாத உடலோடு கொண்டுவந்தது ஏனாம்? குடையாததைக் கேட்டு வாங்குகிறவன் இருந்ததால்தான்.

மரக்கடை மைந்தன்:
இரண்டு பேரும் மரத்தை ஒரே எண்ணாக வைத்துப் பேசுகிறீர்கள். சரி, ஆரம்பித்து வைத்தது நான்தான். ஆஷ் என்ற ஒரு பெயருக்குள்ளேயே இரண்டு உலகம். ஸ்வாம்ப் ஆஷ் தனி மர இனம் இல்லை. அமெரிக்காவின் தெற்கே சதுப்பில் நிற்கும் ஆஷ் மரத்தின் அடிப்பாகம். தண்ணீரிலேயே கிடந்து வளர்வதால் நுண்துளை பெரிது, எடை குறைவு. வடக்கே குளிரில் வளர்ந்த ஆஷ் வைரம் பாய்ந்ததுபோல் இருக்கும். 1970களின் பிற்பகுதி ஸ்ட்ராட்டைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆஷ் மரங்களைத் தின்னும் வண்டும், மிசிசிப்பி ஓரத்தில் வடியாத வெள்ளமும் சேர்ந்து, 2020-இல் ஃபெண்டரே சாதாரண மாடல்களில் ஆஷைக் குறைப்பதாக அறிவித்தது.

மஹோகனி கதை இன்னும் மோசம். அமெரிக்க மஹோகனி 2003 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. மலிவு விலை கிட்டார் விளம்பரத்தில் ‘மஹோகனி’ என்று போட்டிருந்தால் அது வேறு மரமாக, சப்பேலியாக இருக்கலாம், நாட்டோவாக இருக்கலாம், மெராண்டியாகவும் இருக்கலாம். தோள்வலிக்காரரே, உங்களுடையது எந்த மஹோகனி?

உளிச்சத்தம்:
அப்படியென்றால் மரத்தின் பெயரைப் பார்த்து வாங்காதே என்கிறீர்கள். இதைத்தானே நானும் முதலிலிருந்து சொல்கிறேன்!

மரக்கடை மைந்தன்:
இல்லை. கையில் இருக்கும் பலகையைப் பார்த்து வாங்கு என்கிறேன். உளி அதற்கு அப்புறம்தான்.

நான்காம் தந்தி:
பேஸ் கிட்டார் வாசிப்பவள் நான், எடையைப் பற்றி எனக்குச் சொல்லாதீர்கள். கிலோவைவிட முக்கியம் அது எங்கே தொங்குகிறது என்பது. ஸ்ட்ராட்டின் மேல்கொம்பு நெக் பக்கம் நீண்டு வந்து, நுனியில் உள்ள குமிழில் தோளில் மாட்டும் ஸ்ட்ராப்பைத் தாங்கும். எஸ்ஜியில் அந்தக் குமிழ் நெக்கின் அடியில், பின்பக்கம். உடலும் இலேசு என்பதால் கையை எடுத்த உடனே தலை தரையைப் பார்க்கும். ஹெட்ஸ்டாக்கில், அதாவது அந்தத் தலையில், தந்தியை முறுக்கும் டியூனர் கனமாக மாட்டினால் இன்னும் மோசம். மூன்று மணி நேரம் இடது கையால் நெக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வாசித்துப் பாருங்கள், தோள்வலி மணிக்கட்டுக்கு இறங்கியிருக்கும். அகலத் தோல் ஸ்ட்ராப் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தீர்களா?

தோள்வலிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தராசோடு நண்பர்கள் வீட்டுக்குப் போனேன். எஸ்ஜி 3.1. அக்கா சொன்னது அப்படியே நடந்தது, தலை சாய்ந்துகொண்டே இருந்தது. ஆல்டர் ஸ்ட்ராட் 3.4, மாட்டியிருப்பதே தெரியவில்லை. இன்னொரு நண்பரிடமும் ஸ்ட்ராட்தான், அதுவும் ஆல்டர்தானாம். ஆனால் 3.9! எந்தக் கணக்கில் சேர்ப்பது?

என் கிட்டாரின் பின்மூடியையும் கழற்றிப் பார்த்தேன். பார்த்த இடத்தில் துளையும் இல்லை, அறையும் இல்லை. மூன்று துண்டு ஒட்டிய கட்டை. எந்த மரம் என்று வாங்கிய கடையில் கேட்டேன். ‘நல்ல மரம்’ என்றார்கள். அகல ஸ்ட்ராப் போட்டும் பார்த்தேன். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். விற்றுவிடுகிறேன்.

மரக்கடை மைந்தன்:
விளம்பரத்தில் எடையை மறக்காமல் போடுங்கள்.

தோள்வலிக்காரன்:
4.7 என்று போட்டால் யார் வாங்குவார்கள்?

பழைய ஆம்ப்:
விலையைச் சொல்லுங்கள் தம்பி.