ஐந்தாவது கிராஸ் குழு: கரண்ட் எப்போ வரும்?

(பெங்களூரு, ராமமூர்த்தி நகர் தமிழ்க் குடும்பங்கள்)

காலை 7:08

மாலதி: நேற்று சாயங்காலம் 7 மணிக்குப் போன கரண்ட். இட்லி மாவு பொங்கி ஃப்ரிட்ஜுக்குள் வழிகிறது. கரண்ட் ஆபீஸுக்குப் போன் அடித்தால் பிஸி, பிஸி, பிஸி.

ஜோசப்: முனையில் குல்மொஹர் மரம் கம்பி மேல் சாய்ந்து கிடக்கிறது அக்கா. ஒரு போஸ்ட் அடியோடு முறிந்துவிட்டது. இப்போதுதான் ஆட்கள் வந்து அறுக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் வேடிக்கை.

பழனிவேல் (பிரியா அப்பா): பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். மரத்தின் பாரம் போனதும் கம்பி வில் மாதிரி துள்ளும். பக்கத்துப் போஸ்ட்டையும் உலுக்கும்.

சுரேஷ்: எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறதே 😎 மச்சானிடம் ஜெனரேட்டர் வாங்கி வந்தேன். இரண்டு முனையிலும் பிளக் வைத்து ஒரு ஒயர் செய்து ஏசி பாயிண்டில் சொருகியாச்சு. வீடு முழுக்க லைட், ஃபேன்!

மாலதி: தம்பி, சார்ஜ் போட போனைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

பழனிவேல்: சுரேஷ், ஜெனரேட்டரை நிறுத்துங்கள். உடனே.

சுரேஷ்: ஏன் மாமா? புது மெஷின்தான்.

பழனிவேல்: மெயின் சுவிட்ச் ஆனா, ஆஃபா?

சுரேஷ்: ஆன்...

பிரியா: அண்ணா, அப்பா செருப்புத் தேடுகிறார். அவர் அங்கே வருவதற்குள் நிறுத்திவிடுங்கள்.

சுரேஷ்: நிறுத்திட்டேன். பிளக்கையும் பிடுங்கிட்டேன்.

காலை 7:21

பழனிவேல்: சரி. உங்கள் ஜெனரேட்டர் கரண்ட் வீட்டோடு நிற்காது தம்பி. மெயின் ஆனில் இருந்தால் மீட்டர் வழியாகத் திரும்பித் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 230 ஆகக் குறைக்கிறது இல்லையா? தலைகீழாக நுழைந்தால் அதே டிரான்ஸ்ஃபார்மர் 230ஐ 11,000 ஆக ஏற்றிவிடும். போஸ்ட் மேலே வேலை செய்பவன் லைன் ஆஃப் என்று நம்பிக் கை வைப்பான்.

ஜோசப்: தெரு முழுக்க லோடு இழுத்தால் சின்ன ஜெனரேட்டர் படுத்துவிடாதா மாமா?

பழனிவேல்: கம்பி முழுசாக இருந்தால் படுத்துவிடலாம். புயல் அடித்த பிறகு எங்கே அறுந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அறுந்த துண்டில் உங்கள் வீடும் அந்த ஆளும் மட்டுமே இருந்தால்? ஆளைக் கொல்ல 230 வோல்ட்டே போதும்.

பிரியா: அப்பா, வேதாரண்யம் கதையைச் சொல்லுங்கள்.

பழனிவேல்: கதை இல்லை. 2018 நவம்பர், கஜா புயல். வேதாரண்யத்தில் லைன் வேலை. ஒரு லட்சத்துக்கும் மேல் போஸ்ட் விழுந்தது. வயலில் வண்டி இறங்காது. பத்து பதினைந்து பேர் ஒரு போஸ்ட்டைக் கயிறு கட்டி முழங்கால் சேற்றில் சுமப்போம். ஒருநாள் லைன் கிளியர் (லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை நானே இறக்கிப் பூட்டுப் போட்டேன். சாவி என் பையில். அப்புறம் கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடை மாட்டப் போனேன். மாட்டும்போது பளிச்சென்று நீலமாய் ஒரு பொறி. ராடு மாட்டாமல் கை வைத்திருந்தால் இந்தக் குழுவில் நான் இல்லை.

சுரேஷ்: 🙏 யார் செய்தது மாமா?

பழனிவேல்: குடிதண்ணீர் மோட்டாருக்காக ஊரே சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர். பத்து நாளாக இருட்டு. அவர்களை என்னவென்று திட்ட?

மாலதி: எங்கள் இன்வர்ட்டரும் அப்படித்தானா அண்ணா?

பழனிவேல்: ஒழுங்காக ஒயரிங் செய்திருந்தால் பயமில்லை. கரண்ட் போனதும் அது தானே வெளி லைனிலிருந்து பிரிந்துகொள்ளும். ஜெனரேட்டருக்கு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைக்க வேண்டும்; தெரு லைன் அல்லது ஜெனரேட்டர், ஏதாவது ஒன்றுதான் வீட்டோடு சேரும். இன்றைக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நேராக ஜெனரேட்டரில் சொருகி ஃப்ரிட்ஜை ஓட்டுங்கள். மெஷின் வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி இருக்கட்டும். அந்தப் புகையும் கொல்லும்.

மாலதி: சுரேஷ் தம்பி, அப்போ என் போன்?

சுரேஷ்: அதுக்கு வாங்க அக்கா 😅

காலை 7:40

ஜோசப்: பவர்மேன் (லைன்மேன்) போஸ்ட்டில் ஏறிவிட்டார். சின்னப் பையன், இருபத்தைந்து வயசுகூட இருக்காது.

பழனிவேல்: கம்பியில் எர்த் மாட்டினானா? பெல்ட் போட்டிருக்கிறானா?

ஜோசப்: எர்த் மாட்டியாச்சு. பெல்ட் இருக்கிறது. ஆனால் கையுறை ஒரு கையில்தான். இன்னொரு கை வெறும் கை.

பிரியா: செருப்பு கிடைத்துவிட்டது. அப்பா கிளம்பிவிட்டார்.

மாலதி: கூடவே யாராவது போங்கப்பா, அண்ணாவுக்குக் கன்னடம் வராது.