ஸ்கை குளோ: வானொளிர்வா, ஒளிமூட்டமா, வான்வெளுப்பா?

அண்ணாச்சிக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

நட்சத்திரம் பார்க்கப் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கான கையேட்டில் 'ஸ்கை குளோ'வுக்கு, அதாவது ஊர் விளக்கு வெளிச்சத்தால் இரவு வானம் வெளிறித் தெரிவதற்கு, 'வானொளிர்வு' என்று எழுதியிருந்தீர்கள் அண்ணாச்சி. அந்தச் சொல்லை இதற்குச் செலவழித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிலவும் ஊர் விளக்கும் இல்லாத ராத்திரியிலும் வானம் முழுக் கறுப்பாக இருப்பதில்லை. பகலில் சூரியனின் புறஊதாக் கதிரை வாங்கிய மேல்வளிமண்டலம் இரவில் தானாகவே மங்கலாக ஒளிவிடும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் விடும் பச்சை ஒளி அதில் முக்கியமானது. அதுதான் 'ஏர்குளோ'. வானொளிர்வு என்ற பெயர் அதற்கே உரியது.

நாம் பெயர் தேடுவது வேறு. தெருவிளக்கும் மைதான விளக்கும் விளம்பரப் பலகையும் மேலே விடுகிற வெளிச்சம், காற்றிலும் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறிக் கீழே திரும்புகிறதே, அது. 'ஒளிமாசு' என்றாலும் சரிவராது. சன்னல் வழியாகப் படுக்கையில் விழுகிற தெருவிளக்கும் ஒளிமாசுதான். ஸ்கை குளோ அதில் ஒரு வகை மட்டுமே.

இன்னொரு யோசனையான 'ஒளிமூட்டம்' எனக்கும் பிடித்த சொல். மேகமூட்டம், பனிமூட்டம் என்ற வரிசையில் அழகாக உட்காருகிறது. ஆனால் மூட்டம் என்றால் ஏதோ குறுக்கே வந்து மறைக்கிறது என்று பொருளாகும். இங்கே எதுவும் மறைக்கவில்லை. நட்சத்திரத்தின் ஒளி வழக்கம்போல நம் கண்ணுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னால் உள்ள வானம் வெளுத்துவிட்டதால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பகலில் நட்சத்திரம் தெரியாததற்கும் இதே காரணம்தான். பிள்ளைகள் மனதில் பதிய வேண்டியது இந்த இடம். சொல்லே அதைச் சொல்லிவிட்டால் விளக்குகிற வேலை பாதி குறையும்.

அதனால் என் முன்மொழிவு 'வான்வெளுப்பு'. நாங்குநேரிப் பக்கம் ஒரு குளத்தங்கரையில், இருட்டுக்குப் பழகிய கண் கூசாதபடி டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டிருந்தபோது, வயக்காவலுக்கு வந்த பெரியவர் ஒருவர் கையை நீட்டிச் சொன்னார்: "வடக்க வெளுத்துக் கெடக்குல்லா, அது திருநெவேலி டவுன் வெளிச்சம்." விடியும்போது 'கிழக்கு வெளுத்துட்டு' என்கிறோமே, அதே வினை. நம் ஊர் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்லுக்கு உரம் அதிகம்.

இந்த வெளுப்பு எதைத் தின்கிறது என்பதையும் கையேட்டில் சேர்க்கலாம். திருநெல்வேலிப் பக்கம் நாம் இருப்பது ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சரேகை. துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அந்த அளவுக்குத்தான் ஏறும். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அந்த ஒரு முட்டி உயரம்கூட இல்லை. நகரம் வடக்கே இருந்தால் முதலில் முழுகுவது அதுதான். ஆனால் தென்வானம் நமக்குக் கிடைத்த பேறு. பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிவாக்கில் அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்) தெற்கே மூன்று முட்டி உயரத்தில் நிற்கும். லண்டன்காரருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. ஆகவே நகரத்தை முதுகுக்குப் பின்னால், வடக்கே, விட்டுவிட்டுத் தெற்கு இருட்டாக உள்ள இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். பொதிகை அடிவாரத்துக்காரர்கள் அகத்தியரைப் பார்க்காமல் வளரக் கூடாது.

சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தை வெளுப்பு என்பது எப்படி என்று கேட்கலாம். விடியற்காலை வானம் செக்கச்செவேல் என்று இருந்தாலும் கிழக்கு வெளுக்கிறது என்றுதானே சொல்கிறோம்! போதாததற்கு, இப்போது தெருவெங்கும் வெள்ளை எல்இடி. அதன் நீலப் பகுதி காற்றில் கூடுதலாகச் சிதறும். ஒரே அளவு வெளிச்சத்துக்கு வெளுப்பு அதிகம். இன்னொரு மறுப்புக்கு வலு உண்டு: பவளப்பாறை வெளுப்பு என்று கடலியலில் ஏற்கெனவே வழங்குகிறது. 'வான்' என்ற முன்னொட்டு குழப்பத்தைத் தீர்க்கும் என்று நம்புகிறேன்.

கிளைச் சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: வெளுத்த வானம், வெளுக்காத வானம், வெளுப்பளவு. இரவு வானம் எவ்வளவு இருட்டு என்று சொல்ல ஜான் போர்ட்டில் 2001-ல் வகுத்த 1 முதல் 9 வரையான அளவுகோலை 'வெளுப்புப் படி' எனலாம்.

கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும் என்ற பத்தியில் 'இருள் தகவமைவு' என்று இருக்கிறது. அங்கே 'இருட்பழக்கம்' போதும் என்பது என் எண்ணம். அச்சுக்குப் போகும் முன் இரண்டு சொல்லுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.