சோக்கை எடுத்தவுடன் அணைந்துவிடும் என்ஜின்: கார்புரேட்டர் குறித்து ஆலோசனை தேவை

நண்பர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகள் ஓட்டப்படாமல் நின்றிருந்த, ஒற்றை சிலிண்டர் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளை மீண்டும் ஓடவைக்க முயன்று வருகிறேன். சோக் (குளிர்ந்த என்ஜினைக் கிளப்ப, காற்றுக் கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் அமைப்பு) போட்டால் என்ஜின் உடனே இயங்குகிறது. சோக்கை எடுத்தவுடன் ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் திருகாத நிலையில்) நிற்காமல் அணைந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் திருகினால் சீராக ஓடுவதால், ஆக்சிலரேட்டரை அதிகம் திருகும்போது பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டில் குறையில்லை, ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் சிறு துளையான பைலட் ஜெட்டின் வழியில்தான் பெட்ரோல் போதாமல் இருக்கிறது என்று கருதுகிறேன்.

பழைய பெட்ரோலை வடித்து, டேங்கின் துருவை நீக்கி, புதிய ஃபில்டர் பொருத்தி, காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை தெரிகிறது. ஆயினும், கார்புரேட்டரின் உள்ளே செல்லும் நுண்ணிய வழிகளில், பெட்ரோல் காய்ந்து படிந்த பிசின் இன்னும் அடைத்திருக்குமோ என்ற ஐயம் தீரவில்லை. ஐடில் கலவையின் காற்றளவைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைத் திருப்பினாலும் என்ஜினின் ஓட்டத்தில் மாற்றமே தெரியாதது அந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. கம்பியை விட்டுக் குத்தினால் துளையின் அளவு மாறிவிடும் என்பதால் அதைத் தவிர்த்து வருகிறேன். கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரைச் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனர் தெளித்தபோது, அது கசிவு வழியே உள்ளே போனால் கூட வேண்டிய வேகம் கூடவில்லை. ஆகவே அங்கே காற்றுக் கசிவு இருப்பதாகத் தோன்றவில்லை.

இந்த நிலையில் கார்புரேட்டரை அல்ட்ராசோனிக் முறையில் (திரவத்தில் மூழ்கவைத்து மீயொலி அதிர்வால்) சுத்தம் செய்வது பயன் தருமா, அல்லது வால்வு இடைவெளியை (என்ஜின் வால்வுக்கும் அதை இயக்கும் பாகத்துக்கும் இடையே விடப்படும் சிறு இடைவெளி) முதலில் சரிபார்க்க வேண்டுமா? இதே அறிகுறியைச் சரிசெய்த அனுபவமுள்ளவர்கள், எந்த வரிசையில் சோதித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.