தாத்தா கொண்டுவந்த ஜெர்மன் கரண்டி: ஹிட்லர் மாளிகையிலிருந்து வந்ததுதானா?

பாலாற்றங்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையில் எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்துக் கட்டும் வேலை நடப்பதால், பரண்மேல் கிடந்த தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியைச் சென்ற வாரம் இறக்கினோம். இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் பணியாற்றி 1946இல் ஊர் திரும்பியவர் அவர். வீட்டுக்கு ஒருவரையாவது படைக்கு அனுப்பிய ஊர் எங்களுடையது என்பதால் பெட்டிக்குள் பதக்கங்கள் இருந்ததில் வியப்பில்லை. நான் கேட்க வந்தது பெட்டிக்கு வெளியே, எங்கள் ஊறுகாய் ஜாடிக்குள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடக்கும் ஒரு பெரிய கரண்டியைப் பற்றி.

அதன் காம்பில் சிறகு விரித்த பறவையும் அதன் காலில் ஒரு சுவஸ்திகமும் பொறிக்கப்பட்டுள்ளன. கல்யாணப் பத்திரிகையிலும் கல்லாப்பெட்டியிலும் சுவஸ்திகத்தைப் பார்த்துப் பழகிய பாட்டி, அதை மங்கலச் சின்னம் என்றே கடைசிவரை நம்பினார். ஹிட்லரின் மாளிகையிலிருந்து தாத்தா எடுத்துவந்த கரண்டி என்று அப்பா சொல்வார். இணையத்தில் விற்றால் லட்சக்கணக்கில் போகும் என்கிறான் என் அண்ணன் மகன். விற்பது பிறகு, அப்பா சொன்னது உண்மையா என்பதை எப்படிக் கண்டறிவது? பெர்லின் அரசுக் கட்டடங்களில் இருந்த பொருள்கள் போருக்குப் பின் எங்கே போயின என்பதற்குப் பதிவுகள் உண்டா?

கோட்டைவாசல்:

நம் வேலூர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டவர்கள் திப்புவின் பிள்ளைகள் என்பதால், அவர்கள் வீட்டுப் பொருள்களிலிருந்தே தொடங்குகிறேன். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளைப் பொருளைப் பங்கிடுவதற்கென்றே கம்பெனிப் படையில் ஆட்களை நியமித்தார்கள். திப்புவின் அரியணையை உடைத்தவர்களும் அவர்களே. ஆயினும் கணக்கு எழுதி வைத்ததால், அதன் தங்கப் புலித்தலை வின்ட்சர் மாளிகையிலும் திப்புவின் மரப்புலிப் பொம்மை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருப்பதை இன்றும் சொல்ல முடிகிறது. அதே நாளில் சிப்பாய்கள் மடியில் கட்டிக்கொண்டு போனவற்றுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. பெர்லினிலும் நடந்தது இதுவே.

ஆல்பர்ட் ஷ்பேர் வடிவமைத்து 1939 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய அரசுத் தலைமை மாளிகையைத்தான் உங்கள் அப்பா ஹிட்லர் மாளிகை என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். 1945இல் அதைப் பிடித்தவர்கள் சோவியத் படையினர். பின்னர் இடித்துத் தள்ளியவர்களும் அவர்கள்தாம். பெரிய பொருள்கள் சிலவற்றின் தடம் தெரியும். அங்கிருந்த கழுகுச் சிலைகளில் ஒன்று மாஸ்கோ ராணுவ அருங்காட்சியகத்திலும் ஒன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திலும் உள்ளன. தோட்டப்புறத்தில் நின்ற, யோசெஃப் தோராக் வடித்த இரண்டு வெண்கலக் குதிரைகளின் கதை இன்னும் நீளமானது. போருக்குப் பின் அவை கிழக்கு ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் சோவியத் படைமுகாம் விளையாட்டுத் திடலில் நின்றன. 1989 வாக்கில் திடீரென மறைந்தன. 2015 மே மாதத்தில் மேற்கே பாட் டுர்க்ஹைம் என்ற ஊரில் தனியார் ஒருவரின் கிடங்கில் காவல்துறையினர் அவற்றைக் கண்டெடுத்தனர். யானைபோலப் பெரிய வெண்கலமே கால் நூற்றாண்டு ஒளிந்திருக்கிறது என்றால், கரண்டிக்குப் பதிவு தேடுவது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இடிந்த மாளிகையின் சிவப்புச் சலவைக்கல்லைக் கொண்டுதான் பெர்லினின் ஒரு சுரங்க ரயில் நிலையம் கட்டப்பட்டது என்று பல பத்தாண்டுகளாக எழுதிவந்தார்கள். ஆய்ந்து பார்த்தபோது அந்தக் கல் துரிங்கியா மாநிலத்துச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது. புகழ்பெற்ற இடத்தின் பெயரைப் பக்கத்தில் கிடக்கும் கல்லுக்கும் ஒட்டிவிடுவது மனித இயல்பு. ஆகவே கதையை ஒருபுறம் வைத்துவிட்டு, கரண்டியில் பறவையைத் தவிர வேறு என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

முன்னாள் சுபேதார்:

தம்பி, கரண்டிக்கு முன்பாகப் பதக்கங்களைப் பாருங்கள். பிரிட்டனின் சொந்தப் படையினருக்கு வழங்கிய இரண்டாம் உலகப் போர் நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் எண்ணும் பெயரும் பொறித்தார்கள். இது நமக்கு வாய்த்த நல்லூழ். இத்தாலி நட்சத்திரம் இருந்தால் 1943 ஜூனுக்கும் 1945 மே 8க்கும் இடையே அவர் அந்தப் போர்க்களத்தில் இருந்தார் என்று பொருள். வடமேற்கு ஐரோப்பாவில் போரிட்டவர்களுக்கு வேறு நட்சத்திரம் உண்டு.

ஐரோப்பாவில் இந்திய டிவிஷன்கள் போரிட்ட பெரிய களம் இத்தாலி. 1944இல் காசினோ மலைச்சரிவில் நான்காம் இந்திய டிவிஷனுக்காகப் பாதை வெட்டியும் கண்ணிவெடி அகற்றியும் உழைத்தவர்களில் நம் சாப்பர்ஸின் 12ஆம் ஃபீல்டு கம்பெனியும் ஒன்று. பெர்லினுக்குள் பிரிட்டிஷ் படையே 1945 ஜூலையில்தான் நுழைந்தது. உங்கள் தாத்தா அங்கே போனார் என்பதற்குத் தாள் ஆதாரம் இல்லாதவரை நான் ஏற்கமாட்டேன். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைக்காவிட்டால், படை எண்ணைக் குறிப்பிட்டு பெங்களூரில் உள்ள மெட்ராஸ் பொறியாளர் படையின் ஆவணப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள்.

பாலாற்றங்கரை:

இருவருக்கும் நன்றி. பதக்கங்களைப் புளி போட்டுத் துலக்க முனைந்த என் மனைவியைத் தடுத்துவிட்டுப் பார்த்தேன். இத்தாலி நட்சத்திரம் இருக்கிறது, பின்புறம் தாத்தாவின் பெயரும் இருக்கிறது. வடமேற்கு ஐரோப்பாவுக்கு உரியது இல்லை. கரண்டியின் காம்பில் பறவைக்கு அருகே எஃப், எல், யூ, வி என்ற ஆங்கில எழுத்துகளும், மறுபுறம் ‘ரோஸ்ட்ஃப்ரை’ என்று படிக்கத்தக்க ஒரு சொல்லும் உள்ளன. வெள்ளி முத்திரை எதுவும் தென்படவில்லை.

உலோகப்பித்தன்:

இந்த எழுத்துகளே போதும். ‘ரோஸ்ட்ஃப்ரை’ என்பதற்குத் துருப்பிடிக்காதது என்று பொருள். அதாவது நம் எவர்சில்வர். ஜெர்மனியில் செய்த அசல் வெள்ளி என்றால் 800 என்ற எண்ணும் பிறையும் கிரீடமும் பொறித்திருக்கும். எஃப், எல், யூ, வி என்பது ஜெர்மன் விமானப்படையின் தங்குமிட நிர்வாகத்தைக் குறிக்கும் சுருக்கம். விமானப்படை முகாம்களின் சாப்பாட்டுக் கூடங்களுக்காகப் பெருவாரியாகச் செய்யப்பட்ட கரண்டி உங்களுடையது. தலைமை மாளிகை விருந்து மேசைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இத்தாலியில் ஃபோஜா சமவெளி முழுவதும் விமானத் தளங்கள் இருந்தன. 1943 செப்டம்பர் இறுதியில் அவை நேசப் படைகளின் கைக்கு வந்தன. அப்படிப்பட்ட ஓரிடத்தில் கைவிடப்பட்ட கரண்டி ஒன்று ஒரு சாப்பரின் மூட்டைக்குள் ஏறியிருந்தால் அதில் வியப்பில்லை.

விலையைப் பற்றி உங்கள் அண்ணன் மகனுக்கு ஒரு செய்தி. ஹிட்லரின் பதுங்கு அறையிலிருந்து ஒரு பிரிட்டிஷ் அதிகாரி கொண்டுவந்ததாகச் சொல்லப்பட்ட சிவப்புத் தொலைபேசி, 2017இல் அமெரிக்காவில் 2,43,000 டாலருக்கு ஏலம்போனது. உடற்பகுதி ஜெர்மனியில் செய்யப்பட்டிருக்க, காதில் வைக்கும் பகுதி பிரிட்டனில் செய்யப்பட்டதாகத் தெரிகிறதே என்று ஃப்ராங்க்ஃபுர்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வல்லுநர் உடனே ஐயம் எழுப்பினார். பெரும் பணம் புழங்கும் இடத்தில் இத்தகைய ஐயங்களும் கூடவே புழங்கும். முகாம் கரண்டிக்கு அந்த மதிப்பு வராது. ஈபே போன்ற தளங்கள் இந்தச் சின்னமுள்ள பொருள்களை விற்க அனுமதிப்பதும் இல்லை.

விற்காமல் வைத்திருப்பதானால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில், அப்பா சொன்னது தனியாகவும் நீங்கள் கண்ணால் பார்த்தது தனியாகவும் எழுதித் தேதியிட்டுக் கரண்டியோடு வையுங்கள். இரண்டும் கலந்துபோனால் அடுத்த தலைமுறையால் பிரிக்க முடியாது.

பாலாற்றங்கரை:

எழுதிவிட்டேன். மேலே: “ஹிட்லர் மாளிகைக் கரண்டி என்று அப்பா சொன்னார், தாத்தா சொல்லி நான் கேட்டதில்லை.” கீழே: “விமானப்படை முகாம் முத்திரை, எவர்சில்வர். தாத்தாவிடம் இத்தாலி நட்சத்திரம்.” கரண்டியைக் கழுவி ட்ரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன், ஆவக்காய் ஊறுகாய்க்கு வேறு கரண்டி வாங்கித் தர வேண்டும் என்று அம்மா மட்டும் சற்று வருத்தத்தில் இருக்கிறார். பெங்களூருக்கான கடிதம் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகிறது. பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.