அம்மாவின் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியவில்லை: விதி என்ன சொல்கிறது?

கரிசல்காட்டான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சங்கரன்கோவிலுக்கு அருகே உள்ள எங்கள் கிராமத்தில் என் அம்மா தனியாக இருக்கிறார்; நான் கோவையில் வேலை பார்க்கிறேன். அம்மா பன்னிரண்டு ஆண்டுகளாக வைத்திருக்கும் ப்ரீபெய்டு எண்ணுக்குச் சில மாதங்களாக வீட்டுக்குள் சிக்னலே கிடைப்பதில்லை. இரவில் நான் அழைத்தால், மழையானாலும் அவர் முற்றத்துக்கு வந்து நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது. வங்கிக் கணக்கு, ஆதார், ரேஷன் அட்டை, எரிவாயு சிலிண்டர் என எல்லாமே இந்த எண்ணோடு இணைந்திருப்பதால் எண்ணைக் கைவிட வழியில்லை. ஆகவே எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்று தொடங்கினேன். ஒரு மாதம் ஆகிவிட்டது.

மாற்றக் கோரி முதலில் 1900 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டிய குறுஞ்செய்தியே போகவில்லை. அம்மா போட்டிருந்த மலிவான திட்டத்தில் குறுஞ்செய்தி வசதி இல்லை என்றும், பெரிய தொகைக்கு ரீசார்ஜ் செய்தால்தான் அனுப்ப முடியும் என்றும் சேவை மையத்தில் கூறினார்கள். அதை நம்பி 84 நாள் திட்டம் ஒன்றைப் போட்டேன். இதற்கிடையே பழைய போனிலிருந்து எடுக்கும்போது சிம் உடைந்துவிட்டதால், அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கினோம். மறுநாள் யுபிசி (நிறுவனம் மாறும்போது புதிய நிறுவனத்திடம் தர வேண்டிய குறியீடு) கேட்டபோது, தர இயலாது என்று பதில் வந்தது. பத்து நாள் கழித்து ஒருவழியாக யுபிசி கிடைத்தது. அம்மா பேருந்து ஏறி டவுனுக்குப் போன முதல் நாள் கடையில் சர்வர் வேலை செய்யவில்லை. இரண்டாம் நாள் அவருடைய கைரேகை இயந்திரத்தில் பதியவில்லை. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கடை அடைப்பு. நான் விடுப்பு எடுத்து ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் யுபிசி காலாவதியாகிவிட்டது.

இப்போது பழைய நிறுவனத்திலிருந்து நாள்தோறும் அம்மாவை அழைத்து, 84 நாள் முடியும் வரை மாற்ற இயலாது என்கிறார்கள். "வேண்டாம்ப்பா, இருக்கிற நம்பரும் போயிட்டா நான் என்ன செய்வேன்" என்று அம்மா பயப்படுகிறார். இவர்கள் சொல்வதில் எது உண்மையான விதி? எண் பறிபோக வாய்ப்பு இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.

செல்கடை நண்பன் (பதில்)

பதினைந்து ஆண்டுகள் கைப்பேசிக் கடை நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களிடம் சொல்லப்பட்டவற்றில் இரண்டு செய்திகள் தவறானவை. குறுஞ்செய்திக்காகப் பெரிய ரீசார்ஜ் செய்யச் சொன்னது முதலாவது. எந்தத் திட்டத்தில் இருந்தாலும், ப்ரீபெய்டு, போஸ்ட்பெய்டு இரண்டிலும், 1900க்கு அனுப்பும் செய்தியை அனுமதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் எல்லா நிறுவனங்களுக்கும் உத்தரவிட்டுவிட்டது. இரண்டாவது, திட்டக்காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டும் என்பது. அப்படி ஒரு விதியே கிடையாது. எஞ்சிய நாட்களும் இருப்புத் தொகையும் புதிய நிறுவனத்துக்கு வராமல் வீணாகும். அது இழப்புதான், ஆனால் தடை அல்ல.

சிம் மாற்றியதும் யுபிசி மறுக்கப்பட்டது மட்டும் முறையானது. தொலைந்த அல்லது பழுதான சிம்முக்கு மாற்று சிம் வாங்கினால் ஏழு நாட்களுக்கு யுபிசி வழங்கப்படாது என்ற விதி 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. பிறருடைய எண்ணுக்கு மோசடியாகச் சிம் எடுத்து, உடனே வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு வங்கிப் பணத்தைச் சுருட்டுவதைத் தடுக்கவே இது வந்தது. உங்களுக்கு இடைஞ்சலாக இருந்தாலும், அம்மாவைப் போன்றவர்களின் சேமிப்பைக் காக்கும் விதி என்பதால் நான் இதைக் குறை சொல்ல மாட்டேன்.

எண் பறிபோகுமோ என்ற அச்சம் தேவையில்லை. 2019 டிசம்பர் 16 முதல், நீங்கள் கேட்டவுடனேயே பழைய நிறுவனத்திடம் தகுதியைச் சரிபார்த்த பிறகுதான் யுபிசி உருவாக்கப்படுகிறது. இணைப்புக்கு 90 நாள் ஆகியிருக்கிறதா, பெயர் மாற்ற விண்ணப்பம் நிலுவையில் உள்ளதா, நீதிமன்ற வழக்கு ஏதும் உண்டா என்பவை எல்லாம் அப்போதே பார்க்கப்பட்டுவிடும். ஆகவே ஒருமுறை யுபிசி கிடைத்த எண்ணுக்கு மீண்டும் கிடைப்பதில் பெரும்பாலும் சிக்கல் இராது. காலாவதியானதால் நீங்கள் எதையும் இழந்துவிடவில்லை.

இனி நாட்களைக் கணக்கிட்டுச் செய்யுங்கள். யுபிசிக்கு ஆயுள் நான்கே நாள். கடைசித் தேதி அந்தச் செய்தியிலேயே இருக்கும். எனவே நீங்கள் திங்கட்கிழமை காலை ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, கடையின் வாசலில் நின்றே அம்மாவின் போனிலிருந்து ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டச்சு செய்து, ஓர் இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து அனுப்புங்கள். கைரேகை தேய்ந்தவர்களுக்கு, அசல் அடையாள ஆவணத்தையும் நேரில் எடுக்கும் புகைப்படத்தையும் வைத்துச் செய்யும் டிஜிட்டல் முறை இருக்கிறது. எந்திரம் ஏற்கவில்லை என்று திருப்பி அனுப்பினால் அந்த முறையில் செய்யுமாறு கேளுங்கள். விண்ணப்பித்த பிறகு, ஒரே சேவைப் பகுதிக்குள் (உங்களுக்குத் தமிழ்நாடு) என்றால் மூன்று வேலைநாட்களில் முடிந்துவிடும். மாற்றம் பெரும்பாலும் இரவில் நடக்கும். பழைய சிம்மில் சிக்னல் நின்றதும் புதிய சிம்மைப் போட வேண்டும். அதுவரை பழையதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மேற்குமலை (பதில்)

மேலே உள்ள விளக்கம் சரியானது. ஆனால் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம் தேவை என்று நினைக்கிறேன், ஏனென்றால் மாறிய பிறகு அடுத்த 90 நாட்களுக்கு அங்கிருந்தும் வெளியேற முடியாது. நான் நிறுவனத்தின் சிக்னல் வரைபடத்தைப் பார்த்து மாறி, தெருவில் நன்றாகவும் வீட்டுக்குள் பழையதைவிட மோசமாகவும் கிடைத்த சிக்னலோடு மூன்று மாதம் ஓட்டியவன். அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் உறவினர் ஒருவரை அழைத்து, அம்மாவின் கட்டில் அருகிலும் அடுப்படியிலும் நின்று பேசச் சொல்லிப் பாருங்கள். மாற்று யோசனையாக, போனில் இரண்டாவது சிம் போட்டு, பழைய எண்ணை ஓடிபிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமே?

வைகைக்கரை (பதில்)

போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். வழங்கப்பட்ட பில் தொகையைக் கட்டியிருந்தால் போதும். இன்னும் பில் ஆகாத நாட்களைக் காட்டி மறுக்க முடியாது. ஆனால் மாறிய பிறகு வரும் இறுதிப் பில்லைக் கட்டாமல் விட்டால், பழைய நிறுவனம் கோரியதன்பேரில் புதிய நிறுவனத்திலேயே எண் துண்டிக்கப்படக்கூடும்.

கேள்வி கேட்டவருக்கு: தவறான தகவலால் செய்த ரீசார்ஜைப் பற்றிப் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முக்கியமாக, யார் அழைத்துக் கேட்டாலும் யுபிசியைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது என்று அம்மாவிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு சிம் யோசனை நல்லதே, ஆயினும் இரண்டுக்கும் பணம் கட்டவேண்டும்; எந்த எண்ணில் அழைப்பு வருகிறது என்று அம்மாவும் குழம்புவார். சித்தி மகனை வீட்டுக்கு அனுப்பி, அவனுடைய சிம்மில் பேசிப் பார்த்த பிறகு, திங்கட்கிழமை நானே உடன் போய் விண்ணப்பித்தேன். கைரேகை இம்முறையும் பதியவில்லை. டிஜிட்டல் முறையை நான் பெயர் சொல்லிக் கேட்ட பிறகே கடைக்காரர் செய்து கொடுத்தார். புதன்கிழமை இரவு எண் மாறியது. வங்கி ஓடிபி ஒரு நாள் தாமதமாகத்தான் வரத் தொடங்கியது. சிலிண்டரை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்ததால் சிரமம் இல்லை. ரீசார்ஜ் பற்றிய புகாருக்கு எண் கிடைத்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. நேற்று இரவு ஒன்பதரை மணிக்கு அழைத்தபோது, அம்மா அடுப்படியிலிருந்தே பேசினார்.