‘ரேகைப் பொருத்தம்’ என்பதற்கு மாற்றாக ‘ரேகையோட்டம்’

அன்புடையீர்,

அலமாரிக் கதவுகளிலும் இழுப்பறை முகப்புகளிலும் வெனீரின் (பலகைமேல் ஒட்டும் மெல்லிய மரத்தாளின்) ரேகை, அதாவது மரத்தின் இயற்கைக் கோடுகள், அறுபடாமல் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்படி அமைக்கும் வேலைக்கு ‘ரேகைப் பொருத்தம்’ என்ற சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. அதன் முற்பாதியில் எனக்கு மறுப்பில்லை. பட்டறைகளில் ஆசாரிமார் ரேகை என்றே சொல்கிறார்கள். ‘மரவரி’ என்று எழுதினால் படிப்பவர் அரசுக்குக் கட்டும் தொகையைத்தான் நினைப்பார்.

தயக்கம் ‘பொருத்தம்’ மீதுதான். வெவ்வேறு இடத்தில் பிறந்த இரண்டுக்குத்தான் பொருத்தம் பார்ப்போம். இங்கோ ஒரே உடலைப் பிரித்து மீண்டும் வரிசையில் நிறுத்துகிறோம். நான்கு இழுப்பறைகளுக்கான முகப்புகளை வெனீர் ஒட்டிய 8 அடிக்கு 4 அடிப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறித்து, நான்கின் மீதும் படும்படி சாக்கட்டியால் ஒரு பெரிய முக்கோணம் வரைந்த பிறகே ஆசாரி வாளை வைக்கிறார். துண்டுகள் கலைந்தாலும் முக்கோணம் கூடினால் வரிசையும் கூடிவிடும். வாள் தின்பது சுமார் 3 மி.மீ.; முகப்புகளுக்கிடையே விடும் சந்தும் ஏறத்தாழ அவ்வளவே என்பதால், தேக்கின் கோபுர ரேகை அடி இழுப்பறையில் அகன்று தொடங்கி, மேல் இழுப்பறையில் பிசகாமல் முனை கூடுகிறது. இதை நீரோட்டம், எண்ணவோட்டம் என்பவற்றின் வழியில் ‘ரேகையோட்டம்’ எனலாம். ‘ரேகையோட்டம் பார்த்து அறுக்கவும்’ என்று வரைபடத்தில் எழுதினால் பட்டறையில் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது, கட்டையிலிருந்து ஏறத்தாழ 0.5 மி.மீ. கனத்தில் சீவி எடுக்கும் வெனீர்த் தாள். பாலின் மேல் படிவதையும் ஓலைச்சுவடியின் இதழையும் ஏடு என்கிறோம். இதற்கும் அதுவே போதும். ‘மரவேடு’ என்று புணர்த்தினால் பானைவாயில் கட்டும் வேடு குறுக்கே வரும், ஆகவே வெறும் ‘ஏடு’ நன்று. சீவிய வரிசை மாறாமல் அடுக்கிக் கட்டிய கட்டுக்கு ‘ஏட்டுக்கட்டு’ என்ற பழஞ்சொல் காத்திருப்பதுபோலவே இருக்கிறது.

அடுத்தடுத்த ஏடுகளில் ஒன்றைப் புத்தகம் விரிப்பதுபோலப் புரட்டி, கண்ணாடிப் பிம்பமாக ஒட்டுவது ‘ஏடுவிரிப்பு’. புரட்டாமல் பக்கவாட்டில் தள்ளி ஒட்டுவது ‘ஏடுநகர்த்தல்’. இரண்டுக்கும் தனிச்சொல் இருந்தே தீர வேண்டும். சீவும்போது கத்தி படும் பக்கத்தில் நுண்ணிய வெடிப்புகள் விழுவதால், விரித்து ஒட்டிய கதவில் ஓர் ஏட்டின் வெடிப்பில்லாத இறுகிய முகமும் அடுத்ததன் வெடிப்பு விழுந்த நெகிழ்ந்த முகமும் மாறி மாறி வெளியே தெரிகின்றன. சாயமும் பாலிஷும் ஏறியபின், ஒரே மரம்தானா என்று வீட்டுக்காரர் கேட்கும் அளவுக்குப் பட்டை பட்டையாக வெளிறியும் கறுத்தும் காட்டுவதுண்டு. நகர்த்தி ஒட்டியதில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கோபுர ரேகை ஒரே திசையில் திரும்பத் திரும்ப வந்து, கதவு சாய்ந்திருப்பதுபோலத் தோன்றலாம்.

‘ஏடுநகர்த்தல்’ நீளமாக இருப்பது எனக்கே நெருடுகிறது. ‘நகரேடு’ என்று சுருக்கினால் நகரத்து நாளிதழ் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் தோன்றுபவர்கள் எழுதுங்கள்.