பயோகேஸ் தாங்கி: குமிழி வருது, அடுப்பு பத்துதில்லை

உப்புவெளி24
நிலாவெளியில ஒரு விடுதிக்குக் கழிவுத் திட்டம் போட்டுக் குடுக்கிறன். குசினிக் கழிவு நாளுக்கு 12 கிலோ, அதில 4 கிலோ மீன் குடல், பூ (செவுள்), தலை. 1000 லீட்டர் பிளாஸ்டிக் தாங்கி. சாணக் கரைசல் ஊத்தி நாலாம் நாளே முழுக் கழிவும் போடத் தொடங்கிட்டினம். இப்ப 3 கிழமை. காஸ் நிறைய வருது, பத்துதில்லை. கூழ்முட்டை மணம் வேற. மாதம் எத்தனை சிலிண்டர் மிச்சம் எண்டு முதலாளி கேக்கிறார்.

சாணக்கரைசல்
நாலாம் நாளே 12 கிலோவோ! சோறும் பழத்தோலும் ஒரு நாளில புளிச்சு அமிலமாகிடும். அந்த அமிலத்தை எரியிற காஸான மீதேனாக்கிற நுண்ணுயிர் பெருகக் கிழமைக்கணக்கு எடுக்கும். அமிலத்தன்மை காட்டுற பி.எச். தாளைக் கரைசலில நனைச்சுப் பாருங்கோ. 6.5க்குக் கீழ எண்டால் உங்களுக்கு வாறது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு, அது எப்படிப் பத்தும்?

கழிவு போடுறதை நிப்பாட்டுங்கோ. அப்பச்சோடா அரைக் கிலோவைத் தண்ணியில கரைச்சு ஊத்தி, 2 நாள் கழிச்சுத் திரும்ப அளக்கோணும். 7க்கு வரும்வரை இப்படியே. ரெண்டு வாளி புதுச் சாணக் கரைசலும் விடுங்கோ. பிறகு நாளுக்கு 1 கிலோவில தொடங்கி, கிழமைக்கு ஒரு கிலோ கூட்டி, 8இல நிப்பாட்டுங்கோ. கழிவளவுக்குத் தண்ணியும் சேர்த்தால் நாளுக்கு 16 லீட்டர், தாங்கியில நிக்கிற 40 நாளுக்கு 640 லீட்டர். 12 கிலோ போட்டால் 960, காஸ் நிக்க இடமே இராது.

8 கிலோவுக்கு ஏறத்தாழ 0.8 கன மீற்றர் காஸ். ஒரு கன மீற்றர் 0.45 கிலோ எல்.பி. காஸுக்குச் சமன். மாதம் 11 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 12.5 கிலோ சிலிண்டர் ஒண்டுகூட முழுசா இல்லை. இதைக் கூட்டிச் சொல்லிப் போடாதேங்கோ.

மூதூரான்
அடுப்பையும் பாருங்கோ. சிலிண்டர் அடுப்பின்ர ஜெட் துவாரம் பயோகேஸுக்குக் காணாது, பெருப்பிக்கோணும். காத்து வாற வாயையும் பாதி மூடுங்கோ. மணத்துக்கு, 2 அங்குலப் பைப்பில ஒரு அடி நீளத்துக்குத் துருப்பிடிச்ச இரும்புத் துருவல் அடைச்சு காஸ் வாற வழியில பூட்டுங்கோ. கறுத்தால் மாத்திறது. பத்தவைச்சுப் பாக்கிறது அடுப்படியில மட்டும், தாங்கிக்குக் கிட்ட வேண்டவே வேண்டாம்.

உப்புவெளி24
நன்றி அண்ணை. பி.எச். 5.5தான். அப்ப மீனை என்ன செய்யிறது? தாங்கியையும் நிலத்தில புதைக்கச் சொல்லி முதலாளி நிக்கிறார்.

சாணக்கரைசல்
மீனில நைதரசன் கூட. தாங்கியில அமோனியா ஏறி அந்த நுண்ணுயிரைச் சாக்காட்டும். மீனைக் கூட்டெருவுக்கு விடுங்கோ: ஒரு வாளி மீனுக்கு 3 வாளி மரத்தூளும் காய்ஞ்ச சருகும். மீன் நடுவில, மேல ஒரு அடி மூடல். 2 கிழமைக்குக் கிண்டாதேங்கோ, கிண்டினால் ஊர் நாயெல்லாம் அங்கதான். கடல்தண்ணியில கழுவின மீன் எண்டால் உப்பு எருவில நிக்கும்.

தாங்கியைப் புதைக்கிறதை மறந்திடுங்கோ. கடற்கரை மணல், மாரியில நிலத்தடித் தண்ணி மேல வந்திடும். துப்புரவாக்க வெறுமையாக்கின தாங்கி அந்த நேரம் பைப்பையும் பிடுங்கிக்கொண்டு மிதக்கும்.